புளியங்கொட்டையில் ஆடிய பந்தயம்

சாமி,

உங்களுக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. மேலூர் சாலைப் படிப்பகத்தின் சுவரிலிருந்து உங்கள் படத்தைக் கழற்றிவிட்டார்கள். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டிய சூதாடியின் படம் பொது இடத்தில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுக் கழற்றினார்கள். பந்தயத்தில் ஒரு பைசாகூட வைக்காத மனிதர் நீங்கள். அந்தப் படிப்பகத்தை வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு உண்டாக்கியவரும் நீங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்த நாட்களில் இது நடந்திருக்கிறது. பச்சைத் துணியை எடுத்த பிறகு முதல் வெளிப் பயணமாக, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் படிப்பகத்துக்கு வந்தேன். புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் படம் இருந்த இடத்தில் சுவர் நிறம் மங்காமல் ஒரு கட்டமாக நின்றது முதலில் கண்ணில் பட்டது. செயலாளரிடம் கேட்டேன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான், எதிலும் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரா நாம ஒரு கூட்டம் போடுறோம். பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. இவரு படத்துக்குக் கீழயே நின்னுக்கிட்டு சூதாடாதேன்னு பேசினா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அவர் சூதாடினதை நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ரேஸ் புத்தகமும் கையுமா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனவராச்சே."

யாரும் மறுக்கவில்லையா என்று கேட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள் என்றார். யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெயர் வந்தபோது நான் அந்தச் சுவர்க் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி உங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தினசரித் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "மாமா, படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாங்கன்னு சொல்வாங்க." வானவர்கள் விஷயத்தில் அவள் சொல்வதும் சரி. அதனால் இப்போது மார்க்கெட் கடையில் இருக்கிறீர்கள், ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரானிக் தராசுகளுக்கு நடுவில். வருகிற வியாபாரிகள் யார் இந்த ஐயங்கார் என்று கேட்கிறார்கள். சிநேகிதர் என்கிறேன்.

நீங்கள் இந்தக் கடைக்கு முதலில் வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். அப்போது இரும்புத் தராசும் படிக்கல்லும்தான் இருந்தன. நீங்கள் ரயில்வேயில் கன்ட்ரோலர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதை ஓரம் கட்டி எதை விடுவது என்று பெரிய தாளில் கோடு இழுத்துக்கொண்டிருப்பது வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர், நனையாமல் இருக்கச் சட்டைக்குள் ஒரு சின்னப் புத்தகத்தைச் செருகி வைத்திருந்தீர்கள். எடுத்து உதறியபோது எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன் நான். ஆனால் எண் எதில் இருந்தாலும் படிப்பேன். வரிசையாகக் கிலோ கணக்கு இருந்தது. குதிரை இவ்வளவுதான் எடை இருக்குமா என்று கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் உங்களோடு பழகினேன். குதிரையின் எடை அல்ல, குதிரை மேல் ஏற்றுகிற எடை என்று விளக்கினீர்கள். பல தடவை ஜெயித்த குதிரைக்கு அதிக எடை, தோற்றுக்கொண்டே இருக்கிற குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. அதைப் போடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு. ஓட்டுகிறவனைச் சேணத்தோடு தராசில் நிறுத்துவார்கள். எடை குறைந்தால் ஈயத் தகடு வைத்து ஈடு கட்டுவார்கள்.

ஈயம் என்றதும் நான் விழுந்தேன். படிக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி இருக்கும். தேய்ந்த கல்லுக்கு அந்தக் குழியில் ஈயம் ஊற்றித்தான் எடையைச் சரிக்கட்டுவோம். நான் செய்கிற அதே வேலையை எங்கோ ஒரு மைதானத்தில் குதிரைக்குச் செய்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வாரமே உங்களிடம் பழைய ரேஸ் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். இங்கிலீஷ் எழுத்தை அதில்தான் கற்றேன். இன்றைக்கும் எனக்கு முழுசாக வாசிக்க வரும் இங்கிலீஷ் குதிரைப் பெயர்கள்தான்.

நம் இருவருக்கும் அன்றிலிருந்து தகராறு. எல்லாம் எடைதான் என்பது என் கட்சி. போன ஓட்டத்தில் இந்தக் குதிரை எத்தனை குதிரை நீளம் பின்தங்கியது, இந்தத் தடவை எத்தனை கிலோ குறைந்திருக்கிறது, தூரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும், பாக்கியைத் தராசு சொல்லும். நீங்கள் கடிகாரத்தின் கட்சி. வண்டி ஓட்டப் படம் வரைகிற கட்டத் தாளில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கோடு இழுப்பீர்கள். எந்தக் குதிரை ஆரம்பத்தில் பாய்ந்துவிட்டுக் கடைசிப் பர்லாங்கில் சோர்கிறது, எது மெதுவாகக் கிளம்பிக் கடைசியில் மற்றவற்றைத் தாண்டுகிறது என்று அந்தக் கோட்டின் சாய்வில் தெரியும் என்பீர்கள்.

"ஓய் பாய், உம்ம குதிரை மூட்டை சுமக்கற குதிரை. என்னோடது எக்ஸ்பிரஸ்" என்பீர்கள்.

"மூட்டையை ஏத்தாம எந்த எக்ஸ்பிரஸ் ஓடுது சாமி?" என்பேன்.

இப்போதும் என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஈரத் தரையில் உங்கள் கடிகாரம் பொய் சொல்லும். அதை நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் வைப்பது எனக்கு ஹராம். உங்களுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கூட வேலை பார்த்த ஒருவர் ரேஸில் வீட்டைத் தொலைத்துவிட்டுத் தண்டவாளத்தில் படுத்ததை, எந்த வண்டி என்று சார்ட்டில் குறித்தவர் நீங்கள். அதுவரையும் வைத்ததில்லை, இனியும் பந்தயத்தில் காசு தொடுவதில்லை என்று அன்று முடிவு செய்தீர்கள். ஆனால் கணக்கை விட முடியவில்லை. அதனால் புளியங்கொட்டை. சீசன் ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு டப்பா, சம அளவு. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து வரும் ரயில் கார்டு கொண்டுவந்து கொடுத்த புத்தகத்தைப் பார்த்து, எந்தக் குதிரைக்கு எத்தனை கொட்டை என்று வைப்போம். முடிவு மறுநாள் பேப்பரில். இதுவும் தப்பா என்று எனக்கு உறுத்தல் வந்து, எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அந்தக் கொட்டையை விற்க முடியுமா என்றார். முடியாது என்றேன். "அப்ப அது பாவமில்ல, பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டு நீங்கள் ஒரு வாரம் சிரித்தீர்கள்.

அந்த ஆட்டத்தில் நீங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். யார் ஜெயித்தாலும், வைத்த கொட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், ஒரு பிடி அள்ளித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீசிவிடுவீர்கள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்தவன் நான். "இது நடத்தறவன் பங்கு பாய். அவன் எடுத்துண்டு மிச்சத்தைத்தான் நமக்குள்ள பிரிச்சுக்கறோம். அவன் எந்தக் குதிரைக்கும் வைக்கறதில்லை, ஆனா எல்லாப் பந்தயத்துலயும் ஜெயிக்கறான்" என்றீர்கள்.

சீசன் முடிவில் இரண்டு டப்பாவையும் பெஞ்சில் கொட்டிப் பார்ப்போம். சில வருஷம் எனக்கு அதிகம், சில வருஷம் உங்களுக்கு. ஆனால் இரண்டையும் சேர்த்தால் ஆரம்பத்தில் இருந்ததில் பாதிகூட இருக்காது. இரவும் பகலும் படித்த இரண்டு பேர், ஒருவன் எடையில் கெட்டி, இன்னொருவர் நேரத்தில் கெட்டி, இருவரும் தோற்றுக்கொண்டே இருந்தோம். அந்தப் பாடம் எனக்குக் காசு போகாமல் கிடைத்தது.

டிப்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுத்தீர்கள். பொன்மலையில் இருந்தும் காட்டூரில் இருந்தும் ஆட்கள் உங்களைத் தேடி வந்தார்கள். குதிரைக் கணக்கு தெரிந்த ஐயங்கார் என்று பெயர். ஒவ்வொருவரிடமும் ஒரு வழி இருக்கும். ஒருவர் குதிரையைப் பார்க்க மாட்டார், ஓட்டுகிறவனை மட்டும் பார்ப்பார். ஒருவர் எல்லாரும் கட்டுகிற குதிரையிலேயே கட்டுவார், கொஞ்சமாவது வருமே என்று. இன்னொருவர் யாரும் தொடாத குதிரையைத் தேடிப் பிடிப்பார், வந்தால் மூட்டையாக வருமே என்று. தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்ததோ அந்த எண்ணில் கட்டுகிறவரும் உண்டு. யாரையும் நீங்கள் மறுத்துப் பேசியதில்லை. "ரொம்ப நல்ல வழி. ஒரு சீசன் கொட்டைல ஆடிப் பாரும். டப்பால மிச்சம் இருந்தா நானே உமக்கு டிப்ஸ் தரேன்" என்பீர்கள். டப்பாவில் மிச்சத்தோடு யாரும் திரும்பி வரவில்லை. பாதிப் பேர் கொட்டைக்கே சிரித்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் ஆடினார்கள், காலி டப்பாவைப் பார்த்தார்கள், அதோடு விட்டார்கள். இந்த ஊரில் சூதாட்டத்துக்கு எதிராக உங்களைவிட அதிகம் வேலை செய்தவர் எவராவது இருந்தால் எனக்குக் காட்டட்டும்.

இனி அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்றே எழுதுகிறேன். வயது, தொழில், தெரு எதையும் எழுதப்போவதில்லை.

அவரும் டிப்ஸ் கேட்டு வந்தவர்தான். கொட்டை வேண்டாம் என்று போய்விட்டார். பாலக்கரையில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் கள்ளத்தனமாகப் பந்தயம் பிடிக்கிற இடம் இருந்தது. ஒரு நாள் காலையிலேயே போலீஸ் உள்ளே புகுந்து அங்கிருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனது. அவருடைய மனைவிக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. புருஷன் அடிக்கடி சொன்ன பெயர் உங்களுடையது. ஸ்ரீரங்கத்தில் வீட்டைக் கேட்டு விசாரித்து வந்து வாசலில் நின்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அப்போதுதான் உங்களோடு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். நீங்கள் கையில் இருந்த புத்தகத்தைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே கிளம்பினீர்கள். வைத்துவிட்டு வாங்க சாமி என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உங்களுக்கு நாற்காலி போட்டார்கள். ரயில்வே ஆள் என்று மரியாதை. பேசினீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள், அவரை வெளியே அழைத்துக்கொண்டு வந்தீர்கள். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் ஐயங்கார், ஒரு ரேஸ் புத்தகம், ஒரு போலீஸ் ஸ்டேஷன் மட்டும் தெரிந்தன. மறுநாள் காலைக்குள் அது ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி முழுக்கப் பரவிவிட்டது.

அதன் பிறகுதான் அவர் கொட்டைக்கு வந்தார். அவருடைய வழி இரட்டிப்பு. ஒரு பந்தயத்தில் தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு, அதிலும் தோற்றால் நாலு மடங்கு. என்றைக்காவது ஒரு குதிரை வந்தே தீரும், அன்று போனதெல்லாம் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. கேட்பதற்கு அதில் ஓட்டையே தெரியாது. நீங்கள் தலையாட்டினீர்கள். அவர் டப்பா மற்றவர்கள் டப்பாவைவிட வேகமாகக் காலியானது. குதிரை வரும்வரை கொட்டை தாங்கவில்லை.

ஒரு காலையில் பெஞ்சில் அவர் காலி டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த பந்தயத்தில் அவருடைய குதிரை நிச்சயம் வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உங்களைப் பார்த்து, "சாமி, உங்க டப்பாவுலேருந்து கொஞ்சம் கடனா குடுங்க. வந்ததும் திருப்பிடுறேன்" என்றார். குரல் கெஞ்சியது. நீங்கள் உங்கள் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினீர்கள். அவர் கையை உள்ளே விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"வீட்டுல அடுப்பங்கரையில கிடக்கிற குப்பை சாமி இது. இதைப் போய்க் கடன் கேக்குறேன்" என்றார்.

அவர் அழுதார். நீங்கள் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள், அவர் அழுது முடிக்கட்டும் என்று. அதற்குப் பிறகு அவர் பந்தயம் பக்கம் போகவில்லை. வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஊர் அவரைப் பெரிய மனிதர் என்கிறது. ஆகட்டும், நல்ல விஷயம்தான்.

அன்று அவர் போன பிறகு நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பாய், அவன் பேர் உம்ம வாயிலேர்ந்து வரப்படாது. என் வாயிலேர்ந்தும் வராது." வராது சாமி என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சொல் உங்களுக்கு என்ன விலை வைத்தது என்பதை அடுத்த தை மாதம் பார்த்தேன். உங்கள் மகளுக்கு வந்த வரன் கும்பகோணத்துப் பக்கம். நிச்சயம் வரைக்கும் வந்தவர்கள் திடீரென்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் ரேஸுக்குப் போகிறவராம், போலீஸ் ஸ்டேஷன்வரை போனவராம் என்று யார் மூலமோ சொல்லி அனுப்பினார்கள். ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மாமியிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. "சொல்லிடுங்க சாமி, பொண்ணு வாழ்க்கை" என்று ஸ்டேஷன் பெஞ்சில் நான் உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். வண்டி வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, "அவனுக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு பாய்" என்றீர்கள். உங்கள் மகளுக்கு நாலு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பெங்களூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த நாலு வருஷம் உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இவ்வளவு கணக்குப் போட்ட நாம் இருவரும் ஒரு குதிரை ஓடி நேரில் பார்த்ததில்லை. ஊட்டி ரேஸ் சீசனுக்குப் போகலாம், கட்டாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு சித்திரையும் பேசினோம். உங்களுக்கு லீவு கிடைக்காது, கிடைத்தால் எனக்குத் தராசுக்கு முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டர் வருகிற மாதமாக இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றீர்கள். ஓய்வு பெற்றதும் படிப்பகம் வந்துவிட்டது. பிறகு உங்களுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஓடுகிற குதிரையின் காலடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும் சாமி? ஜட்கா வண்டிச் சத்தம்தான் தெரியும் என்றேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் நான் வேறு ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். இந்த வாக்கு எதுவரைக்கும், உங்களுக்குப் பிறகும் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் முகத்தில் மாட்டியிருந்த குழாயைப் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை.

இப்போது காலம் வேறு. பந்தயம் பிடிக்க டீக்கடைக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் போனில் விரலால் தேய்த்துக்கொண்டே வீட்டை வைத்துத் தோற்கிறான். எடமலைப்பட்டி புதூரிலிருந்து என் கடைக்குத் தராசு கொண்டுவருகிற காய்கறி வியாபாரி, தோற்றால் இரட்டிப்பாகக் கட்டுவது என்று புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாக என்னிடமே சொன்னான். ஒரு டப்பாவில் கொட்டையைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். ஒருவிதமாகப் பார்த்தான். ஆனால் வாங்கிக்கொண்டு போனான்.

படத்தைக் கொண்டுவந்த மறுநாள் உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். கோபப்படுவாள், செயலாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன்.

"விட்டுடுங்கோ பாய் மாமா. அப்பா ஆடினது உண்மைதானே" என்றாள்.

ஆடவில்லை அம்மா என்றேன். கொட்டை விவரம் எல்லாம் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது இன்னொருத்தருக்காக என்றேன்.

"யாருக்காக?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பேரைக் கேட்டா சொல்ல மாட்டேங்கறேள். நீங்க அவரோட சிநேகிதர், அப்படித்தான் சொல்வேள். நான் தப்பாச் சொல்லலை மாமா. எனக்கு அப்பா மேல கோபம்கூட இப்ப இல்லை."

அந்தக் கடைசி வார்த்தைதான் சாமி என்னால் தாங்க முடியவில்லை. கோபம் இருந்தால் ஒரு நாள் தீர்க்கலாம். அவள் உங்களை மன்னித்துவிட்டாள். செய்யாத தப்புக்கு மன்னித்துவிட்டாள்.

செயலாளரும் அதையே கேட்டார். வேறு ஒருவருக்காகப் போனார் என்றால் அது யார், பேரைச் சொல்லுங்கள், தீர்மானத்தை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். அந்த ஒருவர் அன்று கை தூக்கியவர்களில் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். இவ்வளவு சொல்ல எனக்கு உரிமை உண்டு. பேரைச் சொல்ல மாட்டேன் என்றுதான் உங்களிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல மாட்டேன் என்று கொடுக்கவில்லை. செயலாளர் நம்பவில்லை. கதை கட்டுகிறேன் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பிறகு அன்று கை தூக்கிய அவரையே போய்ப் பார்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

"நான் கை தூக்கலேன்னா ஏன்னு கேப்பாங்க பாய்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "வீட்டுல கல்யாணப் பேச்சு ஓடுது. பெரிய இடம். இப்பப் போயி நான்தான் ஸ்டேஷன்ல உக்காந்தவன்னு எப்படிச் சொல்றது?"

"சாமி வீட்டுலயும் அன்னைக்குக் கல்யாணப் பேச்சுதான் ஓடுச்சு."

அது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது. நீங்கள் அவரிடமும் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை.

"நீங்க சொல்லிடுவீங்களா?" என்றார்.

"மாட்டேன்."

"கல்யாணம் முடியட்டும் பாய்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வயது எழுபத்தெட்டு. கல்யாணம் முடியட்டும், குழந்தை பிறக்கட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று அவர் தள்ளிக்கொண்டே போகலாம். அவருக்கு இன்னும் ஒரு பந்தயம் இருக்கிறது என்ற நினைப்பு அந்தக் காலத்திலிருந்தே உண்டு.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

செயலாளர் அந்தத் தீர்மானத்தை அடித்துவிட வேண்டும். அதற்குப் பெயர் தேவையில்லை. ஒருவர் சூதாடியதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை என்பதே போதும். அவர்கள் நடத்தப்போகும் கூட்டத்தில் மேடையில் ஒரு டப்பா வைத்து, வருகிற ஆட்களுக்குக் கொட்டையைக் கொடுத்து ஆட வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பிடி அள்ளி வெளியே எறிய வேண்டும். எந்தப் பேச்சாளரும் அவ்வளவு தெளிவாகப் பேச மாட்டார். எறிவதற்கு நான் வருகிறேன்.

சித்திரை வீதிக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அன்றைக்கே அதைச் செய்திருக்கலாம்.

அவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்னால், பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும். படிப்பகத்தில் நின்று சொல்ல வேண்டாம், பேப்பரில் போட வேண்டாம். உங்கள் மகள் வீட்டுக் கதவைத் தட்டி, அன்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவன் நான் அம்மா என்று ஒரு தடவை சொன்னால் போதும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். உங்கள் மகள் அவள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது சாமி. போகிறபோது என்னை அந்த வாக்கிலிருந்து விடுவித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். செய்யவில்லை.

அதனால் எனக்கு மிஞ்சியது இதுதான். வெள்ளிக்கிழமை தோறும் பெங்களூருக்குப் போன் செய்ய வேண்டும். உன் அப்பா ஆடவில்லை அம்மா என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். யாருக்காகப் போனார் மாமா என்று அவள் கேட்பாள். அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.